மசாஷி நகயாமா: ஓய்வு என்ற சொல்லை வாயால் சொல்லாத ஸ்ட்ரைக்கர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் கால்பந்து என்றதும் இன்றைய ரசிகர்களுக்கு மிதோமாவும் குபோவும் நினைவுக்கு வருகிறார்கள். சற்று மூத்தவர்கள் ஹிதெதோஷி நகதாவைச் சொல்வார்கள். நான் மசாஷி நகயாமாவின் பெயரை எடுத்தால் இரண்டு தரப்பும் ஒரே கேள்விகளைக் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சில பதில்கள் நீண்டுவிட்டன. அவை எனக்குப் பிடித்த கேள்விகள், அவ்வளவுதான்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஜப்பானின் முன்னாள் முன்கள வீரர். 1967 செப்டம்பர் 23-இல் ஷிஸுவோகா மாநிலத்தில் பிறந்தார். விளையாட்டு வாழ்வின் பெரும்பகுதியை ஜூபிலோ இவாதா அணியில் கழித்தார். ஜப்பானின் முதல்நிலை லீக்கில் 355 ஆட்டங்களில் 157 கோல்கள், தேசிய அணிக்காக 53 ஆட்டங்களில் 21 கோல்கள். உலகக் கோப்பையில் ஜப்பானின் முதல் கோல் இவருடையது.

அந்த 157 நெடுங்காலம் லீக்கின் உச்சக் கணக்காக இருந்தது. பிறகு யோஷிதோ ஓகுபோ அதைத் தாண்டி 191 வரை போய்விட்டார். ஆக, எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் நகயாமா இன்று முதலிடத்தில் இல்லை. அவரைப் பற்றி எழுத அது காரணமும் இல்லை.

'கோன்' என்று ஏன் அழைக்கிறார்கள்?

தமிழில் எழுதினால் அரசன் என்று பொருள் வந்துவிடுகிறது, ஆனால் பெயர் வந்த வழி அவ்வளவு கம்பீரமானதல்ல. எண்பதுகளின் ஜப்பானியத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் ஓனிகவாரா கோன்ஸோ என்று ஒரு முரட்டுக் கோமாளிப் பாத்திரம் வரும். இவருடைய முகம் அதுபோல இருக்கிறது என்று அவர் முதலில் ஆடிய யமஹா அணியின் மூத்த வீரர் ஒருவர் கேலி செய்ய, பெயரின் பாதி ஒட்டிக்கொண்டது. 'கோல்' என்று சொல்லும்போது வருகிற அதே முதல் ஒலிதான் இதற்கும். ஜப்பானியர் வாயில் கொஞ்சம் குறுகி ஒலிக்கும். கேலிப்பெயரைக் கேட்டுக் கோபப்படுகிற ஆளாக அவர் இருக்கவில்லை. பின்னாளில் அரங்கம் முழுக்க அந்தப் பெயரைத்தான் கத்தியது.

எங்கே வளர்ந்தார்? அந்த ஊருக்கும் கால்பந்துக்கும் என்ன தொடர்பு?

பிறந்தது ஒகாபே என்ற சிறு ஊர். இப்போது அது ஃபுஜியேதா நகரத்தோடு சேர்ந்துவிட்டது. ஃபுஜி மலையும் தேயிலைத் தோட்டங்களும் இருக்கிற ஷிஸுவோகாவை ஜப்பானியர்கள் 'கால்பந்து ராஜ்ஜியம்' என்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் பையன்கள் பேஸ்பால் மட்டையைத் தூக்கிய காலத்தில் இங்கே பள்ளிக்கூடங்கள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தன. நகயாமா படித்த ஃபுஜியேதா ஹிகாஷி உயர்நிலைப் பள்ளி அந்த மரபின் பெரிய பெயர்களில் ஒன்று. அங்கிருந்து ஸுகுபா பல்கலைக்கழகம். பின்னாளில் தேசிய அணியின் கேப்டனான பின்கள வீரர் மசாமி இஹாரா அங்கே இவருடைய வகுப்புத் தோழர்.

1993-இல் ஜே லீக் தொடங்கியபோது இவர் அதில் இல்லையே, ஏன்?

இவர் இல்லாமல் போகவில்லை, இவருடைய அணி இல்லாமல் போயிற்று. 1990-இல் பல்கலைக்கழகம் முடித்து நகயாமா சேர்ந்தது யமஹா மோட்டார் நிறுவனத்தின் அணியில். அன்றைய ஜப்பானில் பெரிய அணிகள் எல்லாமே நிறுவன அணிகள்தான். தொழில்முறை லீக் பத்து அணிகளோடு தொடங்கியபோது ஷிஸுவோகாவிலிருந்து ஷிமிஸு அணிக்கு இடம் கிடைத்தது, யமஹாவுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ஒரு படி கீழே ஆடி, ஜூபிலோ இவாதா என்ற பெயரோடு 1994-இல்தான் மேலே வந்தார்கள்.

இதன் விளைவு விசித்திரமானது. ஜப்பான் முழுக்க ஜே லீக் பைத்தியம் பிடித்திருந்த 1993-இல், தேசிய அணியில் கோல் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார்.

தோஹாவில் என்ன நடந்தது? பழைய ஜப்பானிய ரசிகர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடுகிறார்களே?

1994 உலகக் கோப்பைக்கான ஆசியக் கடைசிச் சுற்று கத்தாரின் தோஹாவில் நடந்தது. ஆறு அணிகள், இரண்டு இடங்கள். ஜப்பான் அதுவரை ஒரு முறைகூட உலகக் கோப்பைக்குப் போனதில்லை. பயிற்சியாளர் நெதர்லாந்துக்காரரான ஹான்ஸ் ஓஃப்ட்.

அணியில் நகயாமாவின் இடம் அப்போது பெரும்பாலும் பெஞ்சுதான். 1992-இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசியக் கோப்பை அரையிறுதியில் சீனாவுக்கு எதிராக ஆட்டம் 2-2 என்று இழுத்துக்கொண்டிருந்தபோது மாற்று வீரராக வந்து 84-ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர். ஜப்பான் அந்தக் கோப்பையை முதன்முறையாக வென்றது. கடைசி நேரத்தில் இறக்கிவிடுகிற ஆள் என்ற முத்திரை அதோடு விழுந்துவிட்டது.

தோஹாவில் அந்த நிலை மாறியது. ஈரானிடம் தோற்ற ஆட்டத்தில் பின்னால் வந்து ஒரு கோல் (அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்), வட கொரியாவுக்கு எதிரான 3-0 வெற்றியில் ஒரு கோல். கடைசி ஆட்டம் ஈராக்கோடு, 1993 அக்டோபர் 28. வென்றால் அமெரிக்கா போகலாம். அணியின் நட்சத்திர முன்கள வீரர் காஸு மியுரா ஐந்தாவது நிமிடத்தில் கோல் அடித்தார். இடைவேளைக்குப் பிறகு ஈராக் சமன் செய்தது. 69-ஆவது நிமிடத்தில் நடுக்கள வீரர் ரமோஸ் கொடுத்த பாஸை நகயாமா உள்ளே தள்ளினார். 2-1.

முடிய ஏறத்தாழ பத்து நிமிடம் இருக்கையில் ஓஃப்ட் அவரை வெளியே அழைத்தார். வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 90 நிமிடம் தாண்டிச் சேர்த்த சில நிமிடங்களில் ஈராக்குக்கு ஒரு கார்னர் கிக். அதை நேராக உயர்த்தி அடிப்பார்கள் என்று எல்லோரும் கோல் முன்னால் குவிந்து நிற்க, ஈராக்கியர் பக்கத்தில் நின்றவருக்குச் சின்னதாகத் தட்டிவிட்டார். காஸு தடுக்க ஓடினார். அவரைத் தாண்டிப் பந்து மேலே எழுந்தது. ஈராக்கின் ஒம்ரானின் தலை. பந்து அவசரமே இல்லாமல் வளைந்து ஜப்பான் கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலையில் இறங்கியது. 2-2. அதே நேரத்தில் வட கொரியாவை வென்ற தென் கொரியா, சமப் புள்ளிகளோடு கோல் வித்தியாசத்தில் ஜப்பானை முந்திக்கொண்டு அமெரிக்கா போனது.

அந்தக் காட்சிப் பதிவில் கோலைவிட எனக்கு நினைவில் நிற்பது பெஞ்சுப் பக்கம். பந்து வலையில் விழுந்த அதே நொடியில் நகயாமா யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல மல்லாந்து விழுகிறார். களத்தில் இருந்தவர்களுக்காவது ஓடுவதற்குச் சில நொடிகள் மிச்சம் இருந்தன. அவருக்கு அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் பெயரே அடிபடவில்லையே?

காயம். கவட்டைப் பகுதியில் தொடங்கிய வலி ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. ஜெர்மனி சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஜூபிலோ முதல்நிலைக்கு ஏறிய ஆண்டு அவர் பெரும்பாலும் வெளியேதான். 27, 28 வயது என்பது ஒரு முன்கள வீரருக்கு நல்ல அறுவடைக் காலம். அது இவருக்கு மருத்துவமனையிலும் தனிப் பயிற்சியிலும் போயிற்று. இதை நினைவில் வைத்துக்கொண்டு கீழே வருகிற தேதிகளைப் பாருங்கள். பெரிய சாதனைகள் எல்லாமே முப்பது வயதைத் தாண்டிய பிறகு வந்தவை.

"நுணுக்கமில்லாத ஆட்டக்காரர், வெறும் ஓட்டம்தான்" என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு பேரை ஏமாற்றிப் போகிற வித்தை அவரிடம் கிடையாது. முதல் தொடுகையிலேயே பந்து சில சமயம் இரண்டு அடி தள்ளிப் போய்விடும். அதைத் துரத்திப் பிடிப்பதும் அவரே. தொலைவிலிருந்து வலையைக் கிழிக்கிற அடிகளும் அதிகமில்லை.

மற்ற பாதியைப் பார்க்க வேண்டுமானால் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்க்க வேண்டும். இடப்பக்கம் ஜூபிலோவின் நடுக்கள வீரர் ஹிரோஷி நனாமி பந்தோடு தலையை நிமிர்த்துகிறார் என்று வையுங்கள். நகயாமா அந்த நேரத்தில் பின்கள வீரரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். பின்கள வீரர் ஒரே சமயத்தில் பந்தையும் இவரையும் பார்க்க முடியாது. பந்து புறப்படும்போது அவருக்கு முன்னால் குறுக்கே வெட்டி, அருகிலுள்ள கம்பத்தை நோக்கி ஓட்டம். ஒரு தப்படிதான் முன்னால் இருப்பார், அது போதும். பந்து முழங்கால் உயரத்தில் வந்தால் காலை நீட்டாமல் தலையைக் கொடுத்துப் பாய்வார். கோல் ஆகாமல் போனாலும் எழுந்து அதே ஓட்டத்தை அடுத்த முறையும் ஓடுவார், அதற்கடுத்த முறையும் ஓடுவார். பின்கள வீரர் பத்தாவது முறை அசந்துபோவதுதான் அவர் கணக்கு.

அணியும் அவருக்கு வாய்த்தது. 1990 உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்த இத்தாலியின் ஸ்கிலாச்சி ஜூபிலோவில் அவர் பக்கத்தில் ஆடினார். 1994-இல் பிரேசிலின் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கிய துங்கா அடுத்த ஆண்டு இங்கே வந்து சேர்ந்து, நடுக்களத்தில் நின்றுகொண்டு சக வீரர்களைத் திட்டித் தீர்த்தார். அந்தத் திட்டில் அணி தேறியது. பந்தை எங்கே போட வேண்டும் என்று தெரிந்த நனாமியும் ஃபுஜிதாவும் இருந்தார்கள். 1997-இல் ஜூபிலோ முதல் லீக் பட்டத்தை வென்றது.

1997-இல் தேசிய அணிக்குத் திரும்பியது எப்படி?

வேறு ஆள் இல்லாததால் என்றுதான் சொல்ல வேண்டும். பிரான்ஸ் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஜப்பான் தள்ளாடிக்கொண்டிருந்தது. நடுவழியில் பயிற்சியாளரே மாற்றப்பட்டு தகேஷி ஒகதா பொறுப்பேற்றிருந்தார். கஜகஸ்தானுக்கு எதிரான முக்கியமான ஆட்டத்தில் முன்கள வீரர்கள் காஸு, லோபெஸ் இருவருக்கும் தடை. அந்த இடத்தை நிரப்ப நகயாமா அழைக்கப்பட்டார். ஜப்பான் 5-1 என்று வென்றது, அவரும் ஒரு கோல் அடித்தார். அடித்ததும் மேல்சட்டையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே காஸுவின் 11-ஆம் எண் சட்டை.

அடுத்தது நவம்பர் 16, ஜொகூர் பாரு, ஈரானோடு வாழ்வா சாவா ஆட்டம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் பஸ் ஏற இறங்க நன்றாக அறிந்த அதே லார்கின் பகுதியில்தான் அந்த அரங்கமும் இருக்கிறது. 39-ஆவது நிமிடத்தில் நகதாவின் பாஸை வாங்கி நகயாமா முதல் கோலை அடித்தார். ஈரான் இரண்டு கோல்களைத் திருப்பிப் போட்டது. 63-ஆவது நிமிடத்தில் ஒகதா காஸுவையும் நகயாமாவையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தார். நானா என்று காஸு தன்னையே சுட்டிக் கேட்டது அன்றைய ஆட்டத்தின் பேசப்பட்ட காட்சி. மாற்றாக வந்த ஜோ சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் ஒகானோ முடித்து வைத்தார். 3-2. ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பைக்குள் நுழைந்தது.

தொடர்ந்து நான்கு ஹாட்ரிக் அடித்தார் என்பது கட்டுக்கதையா?

இல்லை, கின்னஸ் பதிவேட்டில் ஏறிய விஷயம். (ஹாட்ரிக் என்றால் ஒரே ஆட்டத்தில் மூன்று கோலாவது அடிப்பது.) 1998 ஏப்ரல் 15-இல் செரெஸோ ஒஸாகாவுக்கு எதிராக ஐந்து கோல்கள். 18-இல் ஹிரோஷிமாவுக்கு எதிராக நான்கு. 25-இல் ஃபுகுவோகாவுக்கு எதிராக நான்கு. 29-இல் சப்போரோவுக்கு எதிராக மூன்று. இரண்டு வாரத்தில் நான்கு ஆட்டங்கள், பதினாறு கோல்கள். பல முன்கள வீரர்களுக்கு ஒரு பருவம் முழுக்க அடித்தாலே பெருமைப்படத் தகுந்த எண் அது.

அந்தப் பருவத்தின் நடுவில் உலகக் கோப்பையும் ஒரு எலும்பு முறிவும் வந்தன. அப்படியும் 27 லீக் ஆட்டங்களில் 36 கோல்கள். ஒரே பருவத்தில் அதிக கோல் என்ற அந்த ஜே லீக் சாதனையை யாரும் இன்னும் தொடவில்லை. சிறந்த வீரர் விருதும் அவருக்கே. லீக் பட்டம் மட்டும் காஷிமா அணிக்குப் போயிற்று. ஜூபிலோ ரசிகர்களிடம் இதைச் சொன்னால் இன்றும் முகம் சுளிப்பார்கள்.

உலகக் கோப்பையின் அந்த முதல் கோல் எப்படி வந்தது?

அழகான கோல் என்று எதிர்பார்த்துத் தேடிப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

முதலில் சூழ்நிலை. துலூஸில் அர்ஜென்டினாவிடம் 0-1. படிஸ்டுடா அடித்தார். நாந்தில் குரோஷியாவிடம் 0-1. ஷூகர் அடித்தார். குரோஷியா ஆட்டத்தில் நகதா அனுப்பிய பந்தோடு நகயாமா கோல்கீப்பர் லாதிச்சுக்கு எதிரே தனியாக நின்றார். அடித்ததை லாதிச் தடுத்துவிட்டார். அது போயிருந்தால் ஜப்பானின் முதல் கோல் அன்றே வந்திருக்கும், ஒருவேளை முதல் புள்ளியும் வந்திருக்கும். அந்தத் தவறிய வாய்ப்போடுதான் அவர் மூன்றாவது ஆட்டத்துக்கு வந்தார்.

ஜூன் 26, லியோன், எதிரணி ஜமைக்கா. இரண்டு அணிகளுமே உலகக் கோப்பைக்குப் புதியவை, இரண்டுமே ஏற்கெனவே வெளியேறிவிட்டவை. விட்மோர் இரண்டு கோல் அடித்து ஜமைக்காவை 2-0 என்று முன்னால் கொண்டுபோய்விட்டார். 74-ஆவது நிமிடம். இடப்பக்கத்திலிருந்து ஸோமா ஆழமாக ஒரு கிராஸ் போட்டார். அது கோல் முகப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போக, லோபெஸ் தலையால் திருப்பி உள்ளே அனுப்பினார். பந்து வந்த உயரம் காலுக்கு அதிகம், தலைக்குக் குறைவு. நகயாமா யோசிக்கவில்லை, தொடையைக் கொடுத்தார். பந்து தொடையில் பட்டு உள்ளே போனது. காலின் நுனியோ நெற்றியோ படாத, தொடையில் பட்ட கோல்தான் ஜப்பானின் உலகக் கோப்பைக் கணக்கைத் தொடங்கிவைத்தது. அவருடைய ஆட்ட வாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான கோல் கிடையாது என்பது என் கட்சி.

அந்த ஆட்டத்தில் அவருடைய வலது காலின் வெளிப்புறச் சிற்றெலும்பு முறிந்தது. முறிந்த காலோடு கடைசி விசில்வரை ஓடினார். முறிவு என்பது ஆட்டம் முடிந்தபின்தான் தெரியவந்தது. ஜப்பான் 1-2 என்று தோற்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் ஊர் திரும்பியது.

மூன்றே நிமிடத்தில் ஹாட்ரிக் அடித்ததும் இவர்தானா?

ஆம். 2000 பிப்ரவரி 16, மக்காவ், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று, புரூனேவுக்கு எதிராக. ஆட்டம் தொடங்கிய 3 நிமிடம் 15 நொடிக்குள் மூன்று கோல்கள். 1938-இல் இங்கிலாந்தின் ஹால் மூன்றரை நிமிடத்தில் அடித்த சர்வதேச ஹாட்ரிக்கை அது முந்தியது. ஜப்பான் 9-0 என்று வென்றது.

எதிரணியின் தரம் என்ன என்று கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள், நியாயமான கேள்விதான். நான் இந்தச் சாதனையை அவருடைய பெரிய காரியங்களில் சேர்ப்பதில்லை. அவரைவிட இளைய வீரர்கள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த வேளையில் 32 வயதுக்காரர் வேலையை முடித்துவிட்டார் என்பது மட்டும் ரசிக்கத்தக்கது.

காஸுவா, நகயாமாவா? யார் பெரிய ஆள்?

இருவரும் ஷிஸுவோகாக்காரர்கள், இருவரும் 1967-இல் பிறந்தவர்கள். ஒப்பீடு தவிர்க்க முடியாதது.

ஜப்பானியக் கால்பந்துக்கு முகம் கொடுத்தவர் காஸு. பதின்பருவத்திலேயே பிரேசிலுக்குப் போய்க் கற்றவர், தேசிய அணிக்கு 55 கோல்கள், ஜே லீக்கின் முதல் ஆண்டில் சிறந்த வீரர். ஆனால் 1998 ஜூன் 2-இல் சுவிட்சர்லாந்தின் நியோன் பயிற்சி முகாமில் ஒகதா இறுதிப் பட்டியலை வாசித்தபோது காஸுவின் பெயர் அதில் இல்லை. காஸு உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை. பல ஆண்டுகள் அவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நகயாமா அங்கே கோல் அடித்தார்.

திறமையில் காஸு மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெனால்டி பெட்டிக்குள் ஒரு பந்து நிலையில்லாமல் துள்ளிக்கொண்டிருக்கிறது, யார் அதன்மேல் விழ வேண்டும் என்று கேட்டால் நான் நகயாமாவைச் சொல்வேன். இவர்கள் இருவருக்கும் முன்னால், 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் ஏழு கோல் அடித்து வெண்கலம் வாங்கித் தந்த குனிஷிகே கமமோத்தோ இருக்கிறார். அவரைச் சேர்த்தால் இந்த விவாதம் விடிய விடியப் போகும்.

ஐரோப்பாவில் ஆடவில்லையா?

இல்லை. நகதா இத்தாலியின் பெருஜாவுக்குப் போய் வழியைத் திறந்தபோது நகதாவுக்கு வயது 21, நகயாமாவுக்கு 30.

ஜூபிலோவோடு வென்றவை என்னென்ன?

லீக் பட்டம் மூன்று முறை: 1997, 1999, 2002. கடைசியாகச் சொன்ன ஆண்டில் பருவத்தின் இரண்டு பாதிகளையும் ஜூபிலோவே வென்றது, அதுவரை எந்த அணியும் அப்படிச் செய்ததில்லை. 26 கோல்களோடு அன்று முதலிடத்தில் இருந்தவர் அவருடைய இளைய கூட்டாளி தகஹாரா. 2000-இல் 20 கோல்களோடு நகயாமா மறுபடி லீக்கின் அதிக கோல் வீரரானார்.

இவற்றைவிட நான் உயர்வாக நினைப்பது 1999 ஏப்ரல் 30. ஆசிய கிளப் சாம்பியன்ஷிப் இறுதி, டெஹ்ரானின் ஆஸாதி அரங்கம், எதிரணி அந்த ஊர் எஸ்தெக்லால். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈரானியர்கள் சுற்றி நின்று கத்துகிறார்கள். ஜூபிலோ 2-1 என்று வென்றது. இரண்டு கோல்களில் ஒன்று நகயாமாவுடையது. இவாதாவில் ஜூபிலோவின் சொந்த அரங்கம் ஏறத்தாழ பதினைந்தாயிரம் பேர் கொள்ளும்.

2002 உலகக் கோப்பையில் 10-ஆம் எண் சட்டை இவருக்கு எப்படிக் கிடைத்தது?

அந்தச் சட்டைக்கு உரியவர் என்று நாடே நினைத்தது ஷுன்ஸுகே நகமுராவை. பயிற்சியாளர் ட்ரூஸியே நகமுராவை அணியிலேயே சேர்க்கவில்லை. 34 வயது நகயாமாவைச் சேர்த்தார். ஜப்பானில் பெரிய கூச்சல் எழுந்தது. அந்த 10-ஆம் எண் நகயாமாவின் முதுகில் ஏறியது. நுட்பக்காரர்கள் போடுகிற எண், தொடையால் கோல் அடித்தவருக்கு.

களத்தில் அவர் இறங்கியது ஒரே ஆட்டம். யோகோஹாமாவில் ரஷ்யாவுக்கு எதிராக, இனாமோத்தோவின் கோலால் ஜப்பான் 1-0 என்று முன்னிலையில் இருக்க, 72-ஆவது நிமிடத்தில் உள்ளே வந்தார். முன்னிலையைக் கடைசிவரை விடாமல் காப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. உலகக் கோப்பையில் ஜப்பானின் முதல் வெற்றி அது. முதல் கோலுக்கும் முதல் வெற்றிக்கும் களத்தில் இருந்திருக்கிறார்.

சப்போரோவுக்கு ஏன் போனார்? அங்கே என்ன செய்தார்?

2009 முடிவில் ஜூபிலோவை விட்டு விலகினார். வயது 42. பலரும் மரியாதையான விடைபெறுதலை எதிர்பார்த்தார்கள். அவர் வடக்கே பனி விழும் ஹொக்கைதோவுக்குப் போய், அப்போது இரண்டாம் நிலையில் இருந்த கொன்ஸதோலே சப்போரோவில் சேர்ந்தார். 1998-இல் நான்காவது ஹாட்ரிக்கை யாருக்கு எதிராக அடித்தாரோ, அதே சப்போரோ.

அங்கே லீக் கோல் ஒன்றுகூட இல்லை. இரண்டு முழங்கால்களிலும் குருத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. நாளில் பெரும்பகுதி சிகிச்சையிலும் தசைப் பயிற்சியிலும் போயிற்று. 2012 நவம்பர் 24-இல் சில நிமிடங்கள் களத்துக்கு வந்தார். எதிரணி யோகோஹாமா மரினோஸ். 45 வயது 2 மாதம் 1 நாள். லீக்கின் முதல்நிலையில் ஆடிய மூத்த வீரர் என்ற பெயர் அதோடு அவருக்கு வந்தது. 2020-இல் 53 வயதுக் காஸு அதையும் எடுத்துக்கொண்டார்.

ஆக, ஓய்வு பெற்றுவிட்டாரா, இல்லையா?

மிக அதிகமாக வருகிற கேள்வி இது. குழப்பத்துக்கு அவரே காரணம்.

2012 டிசம்பர் 4-இல் செய்தியாளர்களைச் சந்தித்தார். ஜப்பானிய வீரர்கள் அந்த இடத்தில் 'இன்தாய்' என்பார்கள், ஓய்வு என்று பொருள். அவர் அதைத் தவிர்த்து, முன்வரிசையிலிருந்து பின்வாங்குகிறேன் என்ற பொருளில் பேசினார். ஆசை இன்னும் தீரவில்லை என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். நாளிதழ்கள் ஓய்வு என்றே எழுதின. பிறகு தொலைக்காட்சியில் விளையாட்டு வர்ணனையாளராக முகம் காட்டினார், கலகலப்பாகப் பேசுகிறவர் என்பதால் அது நன்றாகவே பொருந்தியது. வெளியே தெரியாமல் முழங்காலைத் தேற்றும் வேலையும் நடந்துகொண்டிருந்தது.

2015 செப்டம்பரில் நான்காம் நிலையில் இருந்த அஸுல் க்ளாரோ நுமாஸு அணி அவரை வீரராக ஒப்பந்தம் செய்தது. ஷிஸுவோகாவில், சுருகா வளைகுடாக் கரையில் இருக்கிற துறைமுக ஊர் நுமாஸு. 48-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன. அணி 2017-இல் மூன்றாம் நிலைக்கு ஏறியது. அவர் ஒரு லீக் ஆட்டத்திலும் இறங்கவில்லை. ஆனாலும் வீரர் பட்டியலில் பெயர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. விளம்பரத்துக்காக வைத்திருக்கிறார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. டிக்கெட் விற்பனைக்கு அந்தப் பெயர் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்துக்காக மட்டும் ஒருவர் தேய்ந்த முழங்காலோடு பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டிருக்க மாட்டார்.

2021-இல் ஜூபிலோவுக்குப் பயிற்சிக் குழுவில் ஒருவராகத் திரும்பினார். அந்த ஆண்டு அணி இரண்டாம் நிலைப் பட்டத்தை வென்று மேலே ஏறியது. 2023-இல் நுமாஸுவின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். ஆக, பதில்: ஆடுவதை நிறுத்திவிட்டார். எந்த நாளில் என்று கேட்டால் என்னால் ஒரு தேதியைச் சுட்ட முடியாது.

ஒரே ஒரு கோல்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

லியோன் கோலை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் 1993 அக்டோபர் 18, தோஹா, ஈரானுக்கு எதிரான ஆட்டத்தைத் தேடுங்கள். ஜப்பான் 0-2 என்று பின்தங்கியிருக்கிறது. 88-ஆவது நிமிடம். பந்து எல்லைக்கோட்டை நோக்கி உருண்டு போய்க்கொண்டிருக்கிறது, அது வெளியே போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாற்று வீரராக வந்த நகயாமா சறுக்கி விழுந்து அதைக் கோட்டுக்குள் நிறுத்துகிறார். எழுகிறார். கோலுக்கு ஏறத்தாழ நேர்கோட்டில், கோணமே இல்லாத இடத்திலிருந்து அடிக்கிறார். உள்ளே போகிறது.

கொண்டாட்டம் எதுவும் இல்லை. வலைக்குள் புகுந்து பந்தை வாரி எடுத்துக்கொண்டு மையவட்டத்துக்கு ஓடுகிறார், ஓடிக்கொண்டே சக வீரர்களைப் பார்த்துக் கத்துகிறார். ஆட்டம் 1-2 என்று முடிந்தது.